மைக்குக்கும் வாய்க்கும் எவ்வளவு தூரம்? வீட்டில் ரெக்கார்டிங் செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வியாசர்பாடியில் மொட்டை மாடிமேல் ஒரு சின்ன அறையில் ரெக்கார்டிங் செய்து தருகிறேன். கானா பாடும் தம்பிகள், சர்ச் பாடகர் குழுவினர், யூட்யூபில் மீன் குழம்பு சொல்லித்தரும் காசிமேட்டு அக்கா, ஆன்லைனில் வகுப்பெடுக்கும் டீச்சர்கள் எனப் பலரும் வருகிறார்கள். வந்ததும் கேட்பது, "எந்த மைக் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "இப்போது இருக்கிற மைக்கை எவ்வளவு தூரத்தில் வைத்துப் பேசுகிறீர்கள்?" பதில் பெரும்பாலும் ஒரு யோசனைப் பார்வைதான். அதனால் தூரத்தைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அளக்க ஸ்கேல் வேண்டாம், கையே போதும். சேர்த்து வைத்த நாலு விரல் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். ஒரு சாண் 22. பூக்காரம்மா அளக்கிற முழம் 45. கைக்குக் கை கொஞ்சம் மாறும், நம் வேலைக்கு அது பாதகமில்லை.

சரி, நேராகச் சொல்லுங்கள். எவ்வளவு தூரத்தில் பேச வேண்டும்?

வீட்டில் ஒருவர் பேசவோ பாடவோ செய்தால், ஒரு சாண். கட்டைவிரலை உதட்டில் வைத்துக் கையை விரியுங்கள். சுண்டுவிரல் மைக்கைத் தொட வேண்டும். அங்கிருந்து தொடங்கி, கேட்டுப் பார்த்து, முன்னே பின்னே நகருங்கள்.

இரண்டு அடி தள்ளி வைத்தாலும் குரல் பதிவாகிறதே. அப்புறம் சத்தத்தை ஏற்றிக்கொண்டால் போதாதா?

போதாது. இது ஒன்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் வாயிலிருந்து கிளம்பும் சத்தம் மைக்குக்கு இரண்டு வழியில் போகிறது. ஒன்று நேராக. இன்னொன்று சுவர், தளம், கூரை, பீரோ என்று மோதித் திரும்பி. நேராக வருவது தூரத்துக்கு ஏற்பக் குறையும். தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) போய்விடும். ஒரு சாணிலிருந்து இரண்டு சாணுக்குப் போனால் 6, நாலு சாணுக்குப் போனால் 12. சுவரில் மோதி அறை முழுக்கச் சுற்றும் சத்தம் அப்படிக் குறைவதில்லை. அறையின் எந்த மூலையில் மைக்கை வைத்தாலும் அது ஏறக்குறைய ஒரே அளவுதான். ஃபேன் சத்தமும் அதே மாதிரிதான்.

ஆக, மைக் தள்ளிப் போகப் போகக் குரல் மட்டும் இளைக்கிறது, அறை அப்படியே நிற்கிறது. ஓரிடத்தில் இரண்டும் சமமாகிவிடும். சென்னையில் நாம் இருக்கிற பத்துக்குப் பத்து அறையில், சுற்றிலும் சத்தம் வாங்கும் சாதாரண மைக்குக்கு அந்த இடம் சுமார் ஒரு முழத்திலேயே வந்துவிடுகிறது. அதைத் தாண்டினால் பதிவில் உங்களைவிட உங்கள் சுவர்தான் அதிகம் பேசும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது என்கிறீர்களே, அதன் காரணம் இதுதான். சத்தத்தை ஏற்றினால் குரலோடு சேர்ந்து கிணறும் ஏறும்.

ஹவுசிங் போர்டு வீடுகளில் சுவர், தரை, கூரை மூன்றும் கான்கிரீட்டோ டைல்ஸோதான். ஷீட் போட்ட வீட்டில் கூரை தாழ்வு, அதிலும் பட்டுத் திரும்பும். இந்த அறைகளில் இரண்டு அடிக்கும் ஒரு சாணுக்கும் உள்ள வித்தியாசம் பகலுக்கும் இரவுக்கும் உள்ளது மாதிரி. பேசுகிறவருக்குப் பின்னால் ஒரு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள், துணி நிறைந்த பீரோவின் கதவைத் திறந்து வையுங்கள், நல்ல பலன் உண்டு. பாய் மெலிசு, மேல்நாதத்தைக் கொஞ்சம் குறைப்பதோடு சரி. எது செய்தாலும் முதலில் தூரத்தைக் குறைத்துவிட்டுச் செய்யுங்கள்.

கன்டென்சர் மைக் வாங்கினேன். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூட விழுகிறது. டைனமிக் வாங்கியிருக்க வேண்டுமோ?

இதைக் கேட்காத மாதம் இல்லை. டைனமிக் என்பது மேடையில் கையில் பிடிக்கிற வகை. கன்டென்சர் மைக் அதைவிடக் கூர்மையானது, சின்னச் சத்தத்துக்கும் அசையும், அது உண்மை. ஆனால் குரலையும் அதே அளவு கூர்மையாகத்தான் வாங்குகிறது. இரண்டு மைக்கையும் ஒரே தூரத்தில் வைத்து, குரல் அளவு ஒன்றாக வரும்படி கெயினை, அதாவது மைக்கின் சத்தத்தை ஏற்றி இறக்கும் குமிழை, சரிசெய்து பாருங்கள். ஒரே பக்கத்துச் சத்தத்தை ஒரே மாதிரி வாங்கும் மைக்குகள் என்றால் விசில் ஏறக்குறைய ஒரே அளவில்தான் விழும். டைனமிக் மைக்கை எல்லோரும் வாயருகே பிடிக்கிறார்கள், கன்டென்சரை மேஜையில் நிற்க வைத்து ஒன்றரை அடி தள்ளி உட்காருகிறார்கள். வித்தியாசத்தில் பெரும்பங்கு அந்த ஒன்றரை அடிதான். மைக்கை விற்றுவிடாதீர்கள். கிட்டே கொண்டு வாருங்கள், கெயினைக் குறையுங்கள்.

ரொம்பக் கிட்டே போனால் குரல் கனமாகிறதே. ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி. அது ஏன்?

முன்பக்கச் சத்தத்தை அதிகம் வாங்கும் மைக்குகளில், மேடையில் பிடிக்கிற மைக் உட்பட, கிட்டே போகப் போக அடிநாதம் வீங்கும். மைக்கைப் பொறுத்து, உதட்டருகே வைத்தால் 100 ஹெர்ட்ஸ் (நாதத்தின் உயரத்தை அளக்கும் அலகு, எண் குறைந்தால் நாதம் தாழ்வு) பக்கம் 10 டெசிபல் அளவுக்குக்கூட ஏறும்.

காரணம் மைக்கின் பின்பக்கத்தில் இருக்கிறது. இந்த மைக்குகளில் சத்தம் முன்னாலும் போகும், பின்னால் உள்ள துளை வழியாகவும் போகும். இரண்டு பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் மைக் சத்தமாக எடுத்துக்கொள்கிறது. தூரத்திலிருந்து வரும் அடிநாதத்தின் அலை நீளமானது, அதனால் முன்னுக்கும் பின்னுக்கும் வேறுபாடு மிகக் குறைவு. மைக் செய்கிறவர்கள் அதை ஈடுகட்டித்தான் செய்கிறார்கள். ஆனால் வாய் இரண்டு விரல் தள்ளி இருந்தால், முன்பக்கத்துக்கு உள்ள தூரமும் பின்பக்கத்துக்கு உள்ள தூரமும் நன்றாகவே வேறுபடும். வேறுபாடு திடீரென்று பெரிதாகிறது. ஏற்கெனவே ஈடுகட்டிய அடிநாதம் அதற்குமேல் ஏறிவிடுகிறது. சுற்றிலும் ஒரே மாதிரி வாங்கும் மைக்குக்குப் பின்துளை இல்லை, அதனால் இந்த வீக்கமும் இல்லை.

ஆண்குரலின் அடிநாதம் 100, 120 ஹெர்ட்ஸ் பக்கம் இருப்பதால் அவர்களுக்கு இது அதிகம் தெரியும். பெண்குரல் 200 பக்கம், அதனால் குறைவாகத் தெரியும். மெலிந்த குரலுக்கு நாலு விரல் தூரம் நல்ல துணை. ஏற்கெனவே கட்டைக்குரல் என்றால் சாணுக்கு வந்துவிடுங்கள், இல்லையென்றால் சொல்லெல்லாம் சட்டிக்குள் உருளுவது போல ஆகிவிடும்.

'ப' வரும்போதெல்லாம் டப் டப் என்று வெடிக்கிறது.

உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்து "அப்பா, பட்டம், பம்பரம்" என்று அழுத்திச் சொல்லுங்கள். கையில் படும் காற்றுதான் மைக்கில் வெடிக்கிறது. அந்தக் காற்று நேர்க்கோட்டில் போகும், கொஞ்சத் தூரத்தில் கலைந்துவிடும். சத்தமோ எல்லாப் பக்கமும் பரவும். அதனால் தூரத்தை மாற்றாமல் மைக்கை வாயின் ஓரத்துக்கு நகர்த்தி, வாயைப் பார்த்தபடி திருப்பி வையுங்கள். காற்று பக்கத்தில் போய்விடும், குரல் விழும். 'ச', 'ஸ' சீறுவதும் இதில் குறையும். பாப் ஃபில்டர், அதாவது காற்றைத் தடுக்கும் வலைத் தட்டு, இருந்தால் மைக்கோடு ஒட்டாமல் நாலு விரல் முன்னால் வையுங்கள். ஒட்டி வைத்தால் பாதிப் பலன்கூட இல்லை.

உச்சத்தில் பாடும்போது பின்னால் சாய வேண்டும் என்கிறார்களே?

சாயலாம். எவ்வளவு என்பது எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நாலு விரல் தூரத்தில் நின்று இன்னும் நாலு விரல் பின்னால் போனால் 6 டெசிபல் குறையும், அடிநாதமும் கரையும். ஒரு முழத்தில் நின்று அதே நாலு விரல் போனால் ஒன்றரை டெசிபல்கூடக் குறையாது. கிட்டே நிற்கும்போது தலை ஆடினாலே அளவு ஆடும். தாளத்துக்குத் தலையாட்டிப் பாடும் தம்பிகளுக்கு அதனால்தான் ஒரு வரி பெரிதாகவும் ஒரு வரி சின்னதாகவும் வருகிறது. அவர்களை ஆடாமல் பாடச் சொன்னால் பாட்டே செத்துவிடும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கவைப்பதே என் வழக்கம்.

ஒலிவாங்கி இல்லாத காலத்தை நினைத்துப் பாருங்கள். வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை நாடகக் கொட்டகை இருந்தது. அந்தக் கால நாடகக்காரர்கள் கடைசி வரிசை ஆளுக்கும் கேட்கும்படி உச்சக் குரலில்தான் பாட வேண்டும். இசைத்தட்டுப் பதிவிலும் 1925 வாக்கில் மின்பதிவு வரும் வரை மைக் கிடையாது. பெரிய புனல் ஒன்றின் வாய்க்கு நேராகப் பாடுவார்கள். சத்தத்தை ஏற்றவோ இறக்கவோ குமிழ் இல்லை. பாடுகிறவர் முன்னே போவதும் பின்னே வருவதும்தான் அவர்களுடைய குமிழ். மைக் வந்த பிறகுதான் மெல்லிய குரலிலும் ஊருக்கே கேட்கும்படி பாட முடிந்தது.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது.

போதும். பிரதான மைக் பெரும்பாலும் சார்ஜர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளையாக இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள், விரலால் மூடாதீர்கள். பலரும் போனைப் பிஸ்கட் மாதிரி வாய்க்கு நேரே படுக்கவைத்துப் பிடிக்கிறார்கள், மூச்செல்லாம் துளைக்குள் போகிறது. தாடைக்குப் பக்கவாட்டில், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். போன் மைக் பொதுவாகச் சுற்றிலும் வாங்கும் வகை, அதனால் கிட்டே வைத்தாலும் அடிநாதம் வீங்காது.

ஒரு தொந்தரவு, போன் தானாகவே சத்தத்தை ஏற்றி இறக்கும். நீங்கள் நிறுத்தியதும் ஃபேன் சத்தம் மெல்ல எழும்பி வரும். கிட்டே பேசினால் குரல் ஓங்கி நிற்பதால் இந்த ஏற்ற இறக்கம் குறைவாகத் தெரியும்.

வீடியோ என்றால் கேமராவுக்கு ஆறடி வேண்டும், காதுக்கு ஒரு சாண் வேண்டும். ஒரே போனில் இரண்டும் முடியாது. வீட்டில் இன்னொரு போன் இருந்தால் அதில் குரலைத் தனியாக, படச்சட்டத்துக்கு வெளியே, கிட்டே வைத்துப் பதிவு செய்யுங்கள். தொடங்கும்போது கேமரா முன் ஒரு முறை கைதட்டுங்கள். பிறகு எடிட்டிங்கில் கை சேரும் படத்தையும் தட்டல் சத்தத்தையும் ஒன்றாக்கினால் முடிந்தது. மீன் குழம்பு அக்கா இப்படித்தான் செய்கிறார், அடுப்புச் சத்தத்தைத் தாண்டி அவர் குரல் நிற்கிறது.

நாங்கள் ஐந்து பேர். பாட்டு, டோலக், கோரஸ் எல்லாம் ஒரே மைக்கில் எடுக்க முடியுமா?

தாராளமாக. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. தனித்தனியாக எடுத்து ஒட்டியதில் இல்லாத ஓர் உயிர், ஒரே மூச்சில் எடுத்த கானாவில் இருக்கிறது.

கலவையைத் தூரத்தாலேயே செய்ய வேண்டும். பாடுகிறவர் மைக்குக்கு ஒரு சாண். டோலக் அவருக்குப் பின்னால் நாலைந்து அடி தள்ளி, அவர் உடம்பு மறைக்காதபடி கொஞ்சம் பக்கவாட்டில். கோரஸ் பாடுகிறவர்கள் மூன்றடி தள்ளிப் பிறை வடிவில். ஒரு நிமிடம் பாடி, பதிவை ஹெட்போனில் கேளுங்கள். டோலக் அடக்குகிறது என்றால் வாசிக்கிறவரை மெதுவாக வாசிக்கச் சொல்லாதீர்கள், அடியின் குணமே மாறிவிடும். ஒரு அடி பின்னால் உட்காரச் சொல்லுங்கள். கோரஸ் போதவில்லை என்றால் அரை அடி முன்னே. இடம் அமைந்ததும் ஒவ்வொருவர் காலடியிலும் சாக்கட்டியால் கோடு போட்டுவிடுங்கள்.

தாளக் கருவியை மிகவும் கிட்டே எடுத்தால் விரல் தோலில் படும் 'டக்' மட்டும் கேட்கும். தோலும் கட்டையும் சேர்ந்து எழுப்பும் உடல் கேட்காது. இரண்டு மூன்று அடி தள்ளும்போதுதான் கருவி முழுதாகக் கேட்கிறது. குரலுக்கு ஆகாத அறைச் சத்தம் தாளத்துக்குக் கொஞ்சம் அழகுதான்.

மேஜையில் தாளம் போடுகிறீர்கள் என்றால் மைக் அந்த மேஜைமேல் இருக்கக் கூடாது. அடி மரத்தின் வழியாக ஸ்டாண்டில் ஏறி இடி மாதிரி விழும்.

மேஜைமேல் மைக்கை வைத்தால் குரலில் ஏதோ தகர ஓசை வருகிறது.

மேஜைப் பரப்பில் பட்டுத் திரும்பும் சத்தம் கொஞ்சம் தாமதமாக மைக்கை அடைகிறது. நேர்வழியைவிட அது முக்கால் சாண் அதிகம் சுற்றி வந்தால் அரை மில்லிசெகண்ட் தாமதம். அந்தத் தாமதம் 1000 ஹெர்ட்ஸ் பக்கம் குரலில் ஒரு பள்ளம் தோண்டும், மேலே இன்னும் சில பள்ளங்கள். மேஜைமேல் ஒரு போர்வையை மடித்துப் போடுங்கள், மைக்கை வாய்க்கு அருகே உயர்த்துங்கள்.

இரண்டு பேர் பேசும் பேட்டி. இரண்டு மைக் வைத்தால் குரல் மங்குகிறது.

இவர் குரல் அவர் மைக்கிலும் தாமதமாக விழுவதால் மேலே சொன்ன பள்ளம்தான் மறுபடியும். ஆளுக்கும் அவருடைய மைக்குக்கும் ஒரு பங்கு தூரம் என்றால், மைக்குக்கும் மைக்குக்கும் மூன்று பங்கு விடுங்கள். ஒரு சாணில் பேசினால் மூன்று சாண்.

காலர் மைக் எங்கே குத்த வேண்டும்?

தாடையிலிருந்து ஒரு சாண் கீழே, நெஞ்செலும்பின்மேல். காலர் ஓரத்தில் குத்தினால் தலையைத் திருப்பும்போதெல்லாம் குரல் போய்ப் போய் வரும். சேலைத்தலைப்பும் தாலிச் சங்கிலியும் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில், கன்டெய்னர் லாரி, கடற்காற்று. எங்கள் தெருவில் அமைதியே கிடையாது.

வடசென்னையில் அமைதிக்குக் காத்திருந்தால் ஒரு பாட்டும் முடியாது. வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் பக்கம் ரயில், எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள். லாரியின் உறுமல் மிகத் தாழ்ந்த சத்தம், மெத்தை அதை நிறுத்தாது, சுவரையே தாண்டி வரும். ஆனால் இரண்டு சாணிலிருந்து ஒரு சாணுக்கு வந்தால் லாரிக்கு எதிராக உங்கள் குரலுக்கு 6 டெசிபல் லாபம். காசு கொடுத்து வாங்க முடியாத 6 டெசிபல் அது. மீதியை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டியில் சரி செய்துகொள்ளலாம்.

ஃபேனை ஒரு டேக் நேரம் நிறுத்துங்கள். மூன்று நிமிட வியர்வையைத் தாங்கிக்கொள்ளலாம்.

மொட்டை மாடியிலும் கடற்கரையிலும் எடுத்தால் சுவர் இல்லை, எதிரொலி இல்லை, தூரம் கொஞ்சம் கூடினாலும் பாதகமில்லை. பகை காற்றுதான். மைக்குக்குக் குல்லா போடுங்கள், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று மைக்கை உங்கள் உடம்பின் மறைவில் வையுங்கள்.

கோயில் திருவிழா மேடையில் மைக் கீய்ங் என்று கத்துகிறது.

வாய் தூரமாக இருப்பதால் மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபயரை ஏற்றுகிறார், ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் திரும்பப் போய்ச் சுற்றுகிறது. வாயைக் கிட்டே கொண்டு போங்கள், அவர் குறைத்துவிடுவார். மைக்கின் தலையைக் கையால் பொத்தாதீர்கள். பொத்தினால் பின்துளை அடைபட்டுக் கத்தல் கூடும்.

எல்லாவற்றையும் ஒரு சாணிலேயே எடுத்துவிடலாமா?

வேண்டாம். தூரம் கேட்கிறவரின் இடத்தைத் தீர்மானிக்கிறது. தாலாட்டை நாலு விரலில் எடுத்தால் கேட்கிறவர் மடியில் இருப்பார். அதே தூரத்தில் கோஷம் எடுத்தால் காதுக்குள் யாரோ கத்துவது போல இருக்கும். அதற்கு மூன்றடி தள்ளுங்கள். ஒப்பாரிக்கு நான் ஒன்றரைச் சாண் விடுகிறேன், மூச்சும் கேட்க வேண்டும், வீடும் கொஞ்சம் கேட்க வேண்டும்.

ஆனால் உச்சத்தில் சாய்வதைத் தவிர, ஒரு பாட்டுக்குள் நிற்கும் தூரத்தை மாற்றாதீர்கள். நேற்று எடுத்த சரணமும் இன்று எடுத்த சரணமும் வேறு வேறு தூரத்தில் இருந்தால் ஒட்டுப் போட்டது தெரிந்துவிடும். நான் ஸ்டாண்டில் ஒரு நூலைக் கட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் நூலை உதட்டில் தொட்டுவிட்டு ஆரம்பிப்போம்.

தூரமாக எடுத்துவிட்டேன். எடிட்டிங்கில் சரியாகுமா?

கொஞ்சம். இப்போதுள்ள மென்பொருள்கள் ஃபேன் இரைச்சலை நன்றாகவே எடுக்கின்றன, எதிரொலியையும் ஓரளவு குறைக்கின்றன. கூடவே சொற்களின் கடைசி அசையையும் மூச்சையும் தின்றுவிடுகின்றன. சத்தத்தைப் பிறகு ஏற்றலாம், நாதத்தைப் பிறகு மாற்றலாம். தூரத்தைக் குறைக்க அன்றைக்கு மட்டுமே முடியும்.

இதை நான் கற்றது என் ஆயாவிடம். தண்டையார்பேட்டை வீட்டில் அவர் ஒரு மத்தியானம் தாமாகவே பழைய தாலாட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்தார். ஓடிப்போய்ப் போனை டிவி ஸ்டாண்டின்மேல் வைத்துப் பதிவு செய்தேன். எட்டடி தூரம், மேலே ஃபேன். பக்கத்தில் போனால் நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன். அடுத்த வருடம் அவர் இல்லை. அந்தப் பதிவை எத்தனையோ மென்பொருளில் போட்டுப் பார்த்துவிட்டேன். ஃபேன் தெளிவாகக் கேட்கிறது, ஆயாவின் குரல் கூடத்துக்கு அந்தப் பக்கத்திலேயே நிற்கிறது. சில சொற்கள் இன்றுவரை பிடிபடவில்லை.

வீட்டில் வயதானவர்களின் குரலைப் பதிவு செய்ய ஆசை. மைக்கைப் பார்த்தால் கூச்சப்படுகிறார்கள்.

போனை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள், முகத்துக்கு நேரேயும் நீட்டாதீர்கள். படுத்திருந்தால் தலையணையின் ஓரத்தில், திரையைக் கவிழ்த்து, துளை வாயைப் பார்க்கும்படி வையுங்கள். உட்கார்ந்திருந்தால் சட்டைப்பையிலோ மடியில் ஒரு துண்டை மடித்து அதன்மேலோ. வாய்க்கு ஒன்றிரண்டு சாணுக்குள் வந்துவிடும். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், ஃபேனை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறங்கள். பதிவை ஓடவிட்டு, வெற்றிலை இடித்துக் கொடுத்துக்கொண்டே ஊர்க்கதை கேளுங்கள். பத்து நிமிடத்தில் போன் இருப்பதே அவர்களுக்கு மறந்துவிடும். நீங்கள் உம் கொட்டுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள், தலையை மட்டும் ஆட்டுங்கள். முடிந்ததும் அன்றைக்கே இன்னொரு இடத்தில் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.